தலைக்கு ஊற்றிய தண்ணீர்

ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை. திண்டிவனத்திலிருந்து பிரம்மதேசம் போகிற வழியில் பிரிந்து உள்ளே போனால் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரைச் சொன்னால் பக்கத்து ஊர்க்காரன் சிரிப்பான். அவன் ஊரிலும் இதே லட்சணம்தான், அவனுக்கு எதற்கு அந்தச் சந்தோஷம்.

அந்த ஊர்க் காலனியில் இருப்பவள் வேணி. அங்கன்வாடி உதவியாளர், பிள்ளைகளுக்குச் சமைத்துப் போடுகிறவள். முப்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லி உடம்பு, வாய்த்துடுக்கு, மூக்கின் மேல் கோபம். அவளைப் பற்றி முதலில் சொல்ல வேண்டியது அவளுடைய சுத்தம். அரிசி களைந்த தண்ணீர் தெளிகிற வரை விடமாட்டாள். கறிவேப்பிலையைக்கூட இலை இலையாகத் திருப்பிப் பார்ப்பாள். சமைக்கும்போது தலையில் ஒரு பழைய துண்டைக் கட்டிக்கொள்வாள். மூக்கைத் துடைத்த கையோடு ஒரு பிள்ளை தட்டைத் தொட்டால் அன்றைக்கு அதற்கு நல்ல பூசை விழும். அவள் வீட்டுக்காரன் தென்னரசு பாண்டிச்சேரியில் சென்ட்ரிங் வேலைக்குப் போகிறவன். "இவளாண்ட குடித்தனம் பண்றது ஆஸ்பத்திரில குடியிருக்கற மாரி" என்று அவனே சொல்லிச் சிரிப்பான். இந்த வேணியைத்தான் அழுக்குக்காரி என்று ஊர் சொன்னது.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் பெயர் சித்ரா, சொந்த ஊர் திண்டிவனம். விழுப்புரத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை. புயல், வெள்ளம், வெயில் இவற்றால் பிள்ளைகளுக்கு என்னென்ன ஆபத்து வரும் என்று ஊர் ஊராகப் போய் மதிப்பிட வேண்டும். கேட்பதற்கு நல்ல வேலைதான். போகிற இடத்தில் முதலில் பேனர் கட்டுவோம், பிறகு சமோசா கொடுப்போம், பிறகு போட்டோ எடுப்போம். மிச்சமிருக்கிற நேரத்தில் ஆபத்தைப் பற்றிப் பேசுவோம். பிள்ளைகளுக்கு ஆபத்து வானத்திலிருந்துதான் வரும் என்று எங்கள் ஆபீசில் எல்லாரும் நம்புகிறார்கள்.

வேணி பிறந்தது ஓமந்தூர்ப் பக்கம். அப்பா சின்னக்கண்ணு கரும்பு வெட்டப் போகிறவர். பள்ளிக்கூடம் லீவு விட்டால் வேணிக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, ஆய்கிற வேலை. நகக்கண்ணில் ஏறிய செம்மண்ணைத் துடைப்பக் குச்சியால் நோண்டி எடுத்த பிறகுதான் சோற்றில் கை வைப்பாளாம். "அவ பெரிய கலெக்டரு" என்று கூட வேலை செய்கிற பெண்கள் கிண்டல் செய்வார்களாம். ப்ளஸ் டூ முடித்தாள், கல்யாணமாகி இந்தக் காலனிக்கு வந்தாள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிற வேலை முறைப்படி கிடைத்தது.

வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே ஊர்ப் பிள்ளைகள் பாதிப் பேர் டிபன் பாக்ஸோடு வர ஆரம்பித்தார்கள். கேட்டால், பிள்ளைக்கு வயிறு சரியில்லை, டாக்டர் வீட்டுச் சாப்பாடுதான் கொடுக்கச் சொன்னார். ஒரே நேரத்தில் அத்தனை பிள்ளைகளுக்கும் வயிறு கெட்டு, அத்தனை பேருக்கும் ஒரே டாக்டர் ஒரே வைத்தியம் சொல்லியிருந்தார். தலைமை ஆசிரியர் நல்ல மனுஷன், யாரோடும் சண்டை போடமாட்டார். வேணி காய் நறுக்கட்டும், பாத்திரம் கழுவட்டும், அடுப்பை மட்டும் இன்னொருத்தர் பார்த்துக்கொள்ளட்டும் என்று வழி சொன்னார். அவள் கழுவிய பாத்திரத்தில் சமைத்தால் தீட்டு இல்லை, அவள் கரண்டி பிடித்தால் தீட்டு. இப்படி ஒரு கணக்கைக் கண்டுபிடிக்க ஒரு தனி மூளை வேண்டும்.

சில வருஷம் பொறுத்தாள். காலனியில் சமுதாயக் கூடமும் அதை ஒட்டி அங்கன்வாடியும் கட்டியபோது உதவியாளர் வேலைக்கு எழுதிப்போட்டு அங்கே போய்விட்டாள். அந்தக் கூடத்துக்கு ஊரில் ஒருவரும் இடம் தரவில்லை. கடைசியில் காலனிக்குப் பின்னால் இருக்கிற புறம்போக்குப் பாறை மேல் கட்டினார்கள். எல்லாரும் அதை ஹால் என்பார்கள். அங்கே அடுப்பு வேணியுடையது, கரண்டியும் அவளுடையது. அந்த வருஷங்களில்தான் கொஞ்சம் நிம்மதியாக இருந்ததாக என்னிடம் சொன்னாள்.

பிறகு கார்த்திகையில் புயல் வந்தது. கரையைக் கடந்த பிறகும் போகாமல் நம் தலைக்கு மேலேயே நின்று கொட்டித் தீர்த்தது. ஏரி நிரம்பி, மதகுக்குப் பக்கத்தில் கரை பிய்த்துக்கொண்டது. ஊர் இருப்பது ஏரிக்குக் கீழே, நஞ்சையை ஒட்டி. காலனி இருப்பது மேட்டில். ஒன்றும் விளையாத இடமாகப் பார்த்து ஒரு காலத்தில் ஒதுக்கிவிட்ட மேடு அது. அன்றைக்கு அந்த மேட்டில் மட்டும் தண்ணீர் ஏறவில்லை.

ஊர்க்காரர்கள் முதலில் பள்ளிக்கூடத்துக்கு ஓடினார்கள். அங்கே பெஞ்சு மட்டத்துக்குத் தண்ணீர் வந்துவிட்டது. பிறகு சீனுவாசன் வீட்டு மொட்டை மாடிக்கு ஏறினார்கள். சீனுவாசன் முன்பு ஊராட்சித் தலைவராக இருந்தவர், இப்போதும் அவர் பேச்சுதான் எடுபடும். தார்ப்பாய் கட்டினார்கள், காற்று அதைக் கிழித்தது. பிள்ளைகள் நனைந்து வெடவெடவென்று நடுங்கின. எல்லாரும் காலனி ஹாலுக்குப் போங்கள் என்று தாலுகா ஆபீசிலிருந்து போனில் கத்தினார்கள். பெரியவர்களுக்கு மனசு வரவில்லை. கடைசியில் சீனுவாசன்தான் வழி சொன்னார்.

"பசங்களுக்கு இன்னா தீட்டு. பசங்கள மட்டும் ஏத்தி அனுப்பு" என்றார்.

டிராக்டர் டிரெய்லரில் பிள்ளைகளை அள்ளிப் போட்டு மேட்டுக்கு அனுப்பினார்கள். பெற்றவர்கள் மாடியிலேயே மழையில் நின்றார்கள். மூன்றாம் வகுப்புப் படிக்கிற ஆர்த்தியை அவள் அம்மா அம்சா அழுதுகொண்டே டிரெய்லரில் தூக்கி வைத்தாள். அழுகை இருந்தது, கூட ஏறவில்லை.

ஹாலில் வேணி அவர்களை வாசலிலேயே நிறுத்தினாள். எல்லாருடைய ஈரத் துணியையும் கழற்றச் சொன்னாள். காலனிப் பெண்கள் வீட்டு வீட்டுக்குப் போய்ச் சட்டையும் போர்வையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். அடிபம்பில் தண்ணீர் அடித்து, அதையும் கொதிக்க வைத்துத்தான் குடிக்கக் கொடுத்தாள். தக்காளிச் சோறு ஆக்கினாள். "கைய காட்டு" என்று ஒவ்வொரு பிள்ளையாக நிறுத்தி, சோப்பு வாசனை வந்தால்தான் தட்டு. ஊர்ப் பிள்ளை, காலனிப் பிள்ளை என்று பார்க்கவில்லை, எல்லாருக்கும் ஒரே அதட்டல். ஆர்த்தி இரண்டாவது தரம் சோறு கேட்டாளாம். வெள்ளம் வடிகிற வரைக்கும் பிள்ளைகள் அங்கேயே சாப்பிட்டு, விளையாடி, ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துத் தூங்கின. தண்ணீர் இறங்கியதும் டிராக்டர் வந்து கூட்டிக்கொண்டு போனது.

அதற்குப் பிறகுதான் ஊரில் பிள்ளைகளுக்கு வாந்தியும் பேதியும் ஆரம்பித்தது. வீட்டுக்கு வீடு ஒரு பிள்ளை சுருண்டு கிடந்தது. ஆர்த்திக்குக் கண் செருகிவிட்டது. முண்டியம்பாக்கத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து டிரிப் ஏற்றினார்கள். பிழைத்தது பெரிய விஷயம். ஹாலுக்குப் போய் வந்த பிள்ளைகளுக்குத்தான் வந்தது, மாடியில் இருந்த பெரியவர்களுக்கு வரவில்லை. ஊருக்கு வேறென்ன வேண்டும்.

சீனுவாசன் நாலு பேரோடு பாறைக்குக் கீழே வந்து நின்று வேணியைக் கூப்பிட்டார். மேலே ஏறவில்லை.

"இன்னாத்தப் போட்ட பசங்களுக்கு" என்றார்.

"தக்காளிச் சோறு, ரசம், முட்டை. அதே சட்டில எங்க பசங்களும் துண்ணுச்சுங்க தலைவரே. அதுங்களுக்கு ஒண்ணியும் ஆவலியே" என்றாள் வேணி.

"உங்க பசங்களுக்கு அதெல்லாம் பழக்கம். ஒடம்பு தாங்கும்" என்றார் அவர்.

இந்தப் பதிலை வேணி என்னிடம் சொல்லும்போது கோபப்படவில்லை. வாயில் ஏதோ கசந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாள். அவ்வளவுதான்.

புகார் மேலே போனது. விசாரணை முடிகிற வரைக்கும் வீட்டில் இருக்கும்படி அங்கன்வாடி அலுவலகத்தில் சொன்னார்கள். ஹால் சாவியை வாங்கிக்கொண்டார்கள். அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. காலனியிலேயே சில பெண்கள், அவள் வீட்டிலிருந்து குழம்பு கொடுத்தனுப்பினால் மோந்து பார்த்துவிட்டு வாங்க ஆரம்பித்தார்கள். ஊர் திரும்பத் திரும்பச் சொன்னால் நமக்கே சந்தேகம் வந்துவிடும் போலிருக்கிறது. வேணி வீட்டில் சமைப்பதையே விட்டுவிட்டாள். தென்னரசு வரும்போது கடையில் இட்லி வாங்கி வந்தான்.

பொங்கல் கழித்து நான் அங்கே போனேன். எங்கள் ஒருங்கிணைப்பாளர் ஆனந்தராஜ் 'குழந்தை நேயப் பேரிடர் ஆபத்து மதிப்பீடு' என்று பெரிய பேனர் அடித்துக் கொடுத்திருந்தார். ஹாலைப் பார்க்க வேண்டும் என்று சாவி விசாரித்தபோது ஒரு வீட்டைக் காட்டினார்கள். வாசலில் நின்ற வேணி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சாவி என்னாண்ட இல்ல மேடம். நான் அழுக்குக்காரி. ஒங்களுக்குச் சொல்லலியா" என்றாள்.

அப்புறம் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். நடுநடுவே அவள் வலது கை மூக்குப் பக்கம் போய்வந்தது. அவளே அதைக் கவனித்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"என் கையவே நான் மோந்து பாத்துக்கினு இருக்கறேன் மேடம். எங்கனா உட்டுட்டனா, எதனா விழுந்துச்சா, யோசிச்சு யோசிச்சு பேஜாராப் போச்சு. நீங்க பசங்களாண்டதான பேசப்போறீங்க. இன்னா ஆச்சுனு கேளுங்க. எம்மேல தப்பு இருந்தா மூஞ்சிக்கு நேரா சொல்லிடுங்க. அடுப்பாண்டயே போவ மாட்டேன்."

வேலை திரும்பக் கிடைக்குமா என்று அவள் கேட்கவில்லை. தன் கை சுத்தமா இல்லையா, அது மட்டும் தெரிந்தால் போதும் என்றாள்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் கூட்டம். பேனர் கட்டியாயிற்று. சமோசா வந்தது. பெற்றோர்கள் வந்து உட்கார்ந்தார்கள், ஊர்க்காரர்கள் நாற்காலியில், காலனிக்காரர்கள் சுவரை ஒட்டி. யாரும் அப்படி உட்காரச் சொல்லவில்லை. வேணி வந்து கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டாள். சீனுவாசன் முதல் வரிசையில் இருந்தார், அவருக்குப் பக்கத்தில் அம்சாவின் புருஷன் ராஜ்குமார், பின்னால் அம்சா.

பிள்ளைகளிடம் நான் எடுத்ததும் கேள்வி கேட்பதில்லை. கேட்டால் பெரியவர்கள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லும். நடித்துக் காட்டச் சொல்வேன். மழை ஆரம்பித்ததிலிருந்து முடிந்து நீங்கள் வீட்டுக்குப் போனது வரை என்ன நடந்ததோ அதையே விளையாடுங்கள் என்று விட்டுவிடுவேன். பிள்ளைகளுக்கு நடிப்பில் பொய் சொல்ல வராது.

அன்றைக்கும் விட்டேன். நாலு பேர் கையைக் கோத்துக்கொண்டு ஏரிக்கரையாக நின்றார்கள், பிய்த்துக்கொண்டு ஓடினார்கள். ஒருவன் டிராக்டர் ஆனான். காலனிப் பிள்ளை புனிதா துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு வேணியாக வந்தாள். "கைய காட்டு. ஏய், சோப்பு போட்டியா, உண்மைய சொல்லு" என்று அவள் அதட்டியதும் பிள்ளைகள் எல்லாம் சிரித்தன. பெரியவர்கள்கூடச் சிலர் சிரித்தார்கள். கேட்டுக்கு வெளியே வேணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

"தண்ணி வடிஞ்சிது. டிராக்டர் வந்துது. அப்புறம்?" என்றேன்.

ஊர்ப் பிள்ளைகள் ஒரு பக்கம் ஒதுங்கின. இரண்டு பேர் வாசற்கால் மாதிரி எதிரெதிரே நின்றார்கள். ஆர்த்தி முன்னால் வந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து அத்தனை நாளாகியும் எலும்பாக இருந்தாள். அவள் அவளுடைய அம்மாவாக நடித்தாள். காலி வாளி ஒன்றைத் தூக்கி, வரிசையாக வந்த பிள்ளைகளின் தலையில் ஒவ்வொருவராக ஊற்றினாள்.

"வாய மூடிக்கோ. உள்ள வராத. காலனித் தீட்டு போவட்டும்" என்று அம்சாவின் குரலிலேயே சொல்லிச் சொல்லி ஊற்றினாள்.

ஊற்றிக்கொண்ட பையன் ஒருவன் த்தூ த்தூ என்று துப்பினான். "நாறுது" என்றான்.

"இன்னாடா நாறுது?" என்று கேட்டேன்.

"கெணத்துத் தண்ணி மிஸ். கரன்ட் இல்ல, கொழாய்ல தண்ணி வர்ல. குடிக்க மட்டும் லாரில தண்ணி வந்துச்சு, தலைக்குக் கெணத்துலதான் மொண்டாந்து ஊத்துனாங்க."

"கோழி செத்து மெதந்துச்சு மிஸ்" என்றாள் ஆர்த்தி. "கோழிப் பண்ணைலேர்ந்து அடிச்சுக்கினு வந்துச்சே, அது. வயிறு இம்மாம் பெருசா ஊதிக்கினு இருந்துச்சு."

"அந்தத் தண்ணி வாய்க்குள்ள போச்சா?"

"கொடம் கொடமா ஊத்துனா போவாதா" என்றான் துப்பிய பையன்.

யார் யார் தலையில் ஊற்றினார்கள் என்று கேட்டேன். ஊர்ப் பிள்ளைகள் அத்தனையும் கையைத் தூக்கின. புனிதாவும் மற்றக் காலனிப் பிள்ளைகளும் ஒன்றும் புரியாமல் நின்றார்கள். "எங்க வூட்ல ஊத்தல மிஸ்" என்றாள் புனிதா, தனக்கு ஏதோ கிடைக்காமல் போய்விட்டது போல.

மாட்டுக் கொட்டகை, சாக்கடை, கோழிப் பண்ணை எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு வந்த வெள்ளம் அந்தக் கிணற்றில் இறங்கியிருக்கிறது. பட்டினி இல்லாமல், நனையாமல், கைகழுவிச் சாப்பிட்டு வந்த பிள்ளைகளை வாசலில் நிறுத்தி, அந்தத் தண்ணீரைத் தலையில் ஊற்றிச் சுத்தம் செய்திருக்கிறார்கள். சாவு வீட்டுக்குப் போய்வந்தவர்களுக்குச் செய்கிற மாதிரி. எனக்குக் கையிலிருந்த சமோசாவைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

"வெள்ளத்துலேர்ந்து வந்த பசங்க. சுத்தத்துக்கு நாலு கொடம் ஊத்துனது. இதுல இன்னா இருக்குது" என்றார் சீனுவாசன்.

"செத்த கோழி மெதந்த தண்ணியிலயா சுத்தம்?" என்றேன்.

அவர் மிக மரியாதையாக, "மேடம் திண்டிவனம்தான? திண்டிவனத்துல எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

எந்தப் பக்கம் என்று எதற்குக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியாதா. ரயில்வே ஸ்டேஷன் பக்கம் என்றேன். அவருக்கு அது போதவில்லை, ஆனால் அதற்கு மேல் கேட்கவும் முடியவில்லை.

நான் அம்சாவிடம் திரும்பினேன். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், வேணி கேட்டுக்கு உள்ளே வந்துவிடலாம்.

"நீங்க சொல்லுங்கம்மா. ஆர்த்திக்கு எதுனால வந்துச்சு?"

அம்சா புருஷனைப் பார்த்தாள். ராஜ்குமார் தரையைப் பார்த்தான்.

"எனக்கு இன்னா தெரியும். சோறு ஒத்துக்கலன்னு சொன்னாங்க" என்றாள் அம்சா.

கேட்டுக்கு வெளியே பார்த்தேன். வேணி போய்விட்டிருந்தாள்.

கூட்டத்தின் கடைசியில் அடுத்த மழைக்கு எங்கே தங்குவது என்று பேச்சு வந்தது. கோயில் மண்டபம் போதும் என்று ஊர் ஒரே குரலில் சொன்னது. அந்த மண்டபம் ஏரிக்கரைக்கு நேர் கீழே இருக்கிறது. கரை உடைந்தால் முதலில் தண்ணீர் நுழைகிற இடம் அதுதான். நான் சொன்னேன், கையால் காட்டினேன். சாமி பார்த்துக்கொள்ளும் என்றார்கள். பெற்ற பிள்ளைகளைத் தண்ணீருக்குள் உட்கார வைக்கத் தயார், காலனி மேட்டில் உட்கார வைக்கத் தயாரில்லை. எத்தனையோ ஊரில் ஆபத்தை மதிப்பிட்டிருக்கிறேன், பெற்றோரையே ஆபத்தாக எழுத வேண்டி வந்தது அங்கேதான்.

எழுதினேன், உள்ளது உள்ளபடி. ஆனந்தராஜ் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"சித்ரா, ஊரோட நமக்கு எதுக்குப் பகை. நாளைக்கு உள்ள விடமாட்டாங்க. 'சமூகப் பழக்கவழக்கம் சார்ந்த சுகாதாரச் சவால்கள்'னு ஒரு வரி போட்டுடலாம்."

"செத்த கோழியும் பழக்கவழக்கமா சார்?"

"அதெல்லாம் டீட்டெயில். மேல இருக்கறவங்களுக்கு டீட்டெயில் பிடிக்காது."

அந்த வரியைத்தான் போட்டார். மேலிடத்தில் பாராட்டினார்கள் என்று கேள்வி. அந்தப் பாராட்டை நினைத்தால் அந்தக் கிணற்றுத் தண்ணீரே தேவலை என்று தோன்றுகிறது.

நான் நேராக வேணியின் அலுவலகத்துக்குப் போனேன். பிள்ளைகள் நடித்ததைச் செல்போனில் எடுத்து வைத்திருந்தேன், அதைப் போட்டுக் காட்டினேன். அங்கிருந்த அதிகாரி அம்மா முழுவதும் பார்த்தார். நல்லவர், கண் கலங்கினார். வேணி மேல் தப்பே இல்லை என்று ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்டுவிட்டு, "ஆனா ஊர்ல அமைதி முக்கியம். அவங்கள வேற மையத்துக்கு மாத்திடறேன், அவங்களுக்கும் நல்லது" என்றார். அந்த மையத்துக்கு வேணி இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். தப்பு செய்யாததற்கு அந்த அலுவலகத்தில் அதுதான் பரிசு.

இதைச் சொல்ல நான்தான் வேணி வீட்டுக்குப் போனேன். அவள் வாசல் அடுப்பில் தக்காளி வதக்கிக்கொண்டிருந்தாள். தலையில் துண்டு கட்டியிருந்தாள். பள்ளிக்கூடத்தில் ஆர்த்தி வாளியைத் தூக்கியதைப் பார்த்த அன்றே அவள் அடுப்பு மூட்டிவிட்டாளாம். மாற்றல் விஷயத்தைக் கேட்டுவிட்டு, கரண்டியைக் கழுவித் துடைத்து வைத்தாள்.

"போவட்டும் மேடம். என் கை நாறல. அது எனக்குத் தெரிஞ்சிடுச்சு" என்றாள்.

சோறு இறக்குகிற நேரத்தில் பாறைக்குப் பின்பக்கத்திலிருந்து அம்சா வந்தாள். தெரு வழியாக வராமல் கருவேலங்காட்டைச் சுற்றி வந்திருந்தாள், புடவையெல்லாம் முள். ஒரு கையில் ஆர்த்தி, இன்னொரு கையில் ஒரு சில்வர் டப்பா. என்னைப் பார்த்ததும் திகைத்து நின்றாள். திரும்பிப் போகவும் முடியவில்லை, ஆர்த்தி கையை இழுத்தாள்.

"வேணி, இவ ஆஸ்பத்திரிலேர்ந்து வந்ததுலேர்ந்து எதையும் துண்ண மாட்டன்றா. இன்னா குடுத்தாலும் ஓங்கரிக்கறா. ஹால்ல போட்ட சோறுதான் வேணுமாம். கொஞ்சம் இந்த டப்பால போட்டுக் குடு. யாரும் பாக்கறதுக்குள்ள ஜல்தியா போயிடறேன்."

சபையில் உண்மைக்கு வாயைத் திறக்காதவள் டப்பாவை மட்டும் திறந்து நீட்டிக்கொண்டு நின்றாள். எனக்கு இருந்த கோபத்துக்கு அதைத் தட்டிவிட்டிருப்பேன்.

"டப்பால குடுக்க மாட்டேங்க" என்றாள் வேணி. "போற வழில எதுலனா கலந்துச்சுனா அப்புறம் எம்மேலதான் வரும். பாப்பா இங்க உக்காந்து துண்ணட்டும். நீங்க கண்ணால பாத்துக்கோங்க."

அம்சா யோசிப்பதற்குள் ஆர்த்தி கையை உதறிவிட்டு வந்து அடுப்புக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். "கைய காட்டு" என்றாள் வேணி. ஆர்த்தி எழுந்து போய்ச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து, இரண்டு கையையும் நீட்டினாள். வேணி குனிந்து மோந்து பார்த்துவிட்டுத் தட்டை வைத்தாள்.

பிள்ளை சாப்பிட்டது. ஓங்கரிக்கவில்லை. முதல் தட்டு தீர்ந்து இரண்டாவது தட்டிலும் பாதி போனது. அம்சா வாசல் முருங்கை மரத்தடியில் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"அன்னிக்கி நான் சொல்லியிருக்கணும் வேணி. அவரு எதிர்ல, தலைவரு எதிர்ல எப்டி வாயத் தொறக்கறது" என்றாள்.

வேணி குனிந்து, ஆர்த்தி தட்டில் மிச்சம் வைத்த கறிவேப்பிலையைப் பொறுக்கி எடுத்துக்கொண்டிருந்தாள்.

சாப்பிட்டு முடித்த பிள்ளையை அம்சா அடிபம்புக்குக் கூட்டிப்போனாள். கையைக் கழுவினாள். வாயைக் கொப்பளிக்க வைத்தாள். காலில் தண்ணீர் விட்டாள். அதுவரை எல்லா அம்மாவும் செய்வதுதான். பிறகு அவள் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, ஒரு கை தண்ணீர் அள்ளி ஆர்த்தியின் உச்சந்தலையில் விட்டாள். ஆர்த்தி என்ன ஏதென்று கேட்கவில்லை. கண்ணை இறுக்கி, உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு குனிந்து கொடுத்தாள். பிள்ளைக்கு அது பழகிவிட்டிருந்தது.

வேணி அடுப்படியிலிருந்து அதைப் பார்த்தாள்.

"நல்லா ஊத்துங்க" என்றாள். "இது நல்ல தண்ணிதான்."

அம்சா திரும்பிப் பார்க்கவில்லை. இன்னொரு கை அள்ளி ஊற்றினாள்.